அருஞ்சொல்லும் வாக்கியமும்
யாழ்ப்பாணத்தில் ஆங்கிலங் கற்ற வரலாற்றில் ஒரு பகுதி

யாழ்ப்பாணத்தில் மூன்று தலைமுறையாக ஆங்கிலம் படித்த வீடுகளிலே பழைய கொப்பி ஒன்று கிடப்பது வழக்கம். தாளின் இடப்புறத்தில் ஆங்கில அருஞ்சொல். வலப்புறத்தில் அதன் தமிழ்ப் பொருள். நடுவே மையினால் இழுத்த நேர்கோடு. எமது வீட்டிலிருந்த கொப்பி எனது பாட்டனாருடையது. அவர் 1930ஆம் ஆண்டுகளிற் சீனியர் சோதனைக்குப் படித்தபோது அதனை எழுதத் தொடங்கினார். பின்னர் மலாயாப் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராயிருந்த காலத்திலும் எழுதி வந்தார். எழுத்து முத்துக் கோத்தாற் போலிருக்கும். பக்கத்துக்கு இருபத்தைந்து சொற்களாக நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்கள் உண்டு. ஆயின் முதற்பக்கந் தொடங்கி இறுதிப்பக்கம் வரை தேடினும் ஒரு வாக்கியமேனும் அதில் இல்லை.

1990ஆம் ஆண்டுக்குப் பின் குடாநாட்டில் மின்சாரம் இல்லாதிருந்த காலத்தில், ஜாம் போத்தல் விளக்கின் முன்னிருந்து அக்கொப்பியை யான் மனனஞ் செய்தேன். 1995ஆம் ஆண்டு ஐப்பசி மாத இடப்பெயர்விலே தென்மராட்சிக்கு எடுத்துச் சென்ற சில பொருள்களுள் அதுவும் ஒன்று. அதில் ‘நொற்றோறியஸ்’ என்னுஞ் சொல்லுக்கு எதிரே ‘பிரசித்தி பெற்ற’ என்று எழுதியிருந்தது. அதனை முற்றும் நம்பிய யான், முதன்முதலாக எழுதிய உத்தியோக விண்ணப்பத்திலே, எனக்குக் கல்வி தந்த பாடசாலை குடாநாடெங்கும் ‘நொற்றோறியஸ்’ ஆனது என்று பெருமையோடு வரைந்தேன். நேர்முகப் பரீட்சை நடத்தியவர் கடிதத்தைப் பக்கத்திலிருந்தவருக்குக் காட்டினார், இருவரும் நகைத்தனர், காரணங் கூறவில்லை. தீமையினாற் பேர்போனதையே அச்சொல் குறிக்கும் என்பதனைச் சில வருடங்கள் கழிந்தபின், வெளிவாரிப் பட்டத்துக்குப் படிக்கும்போது, ஒரு வரலாற்று நூலின் வாக்கியமொன்றிலே கண்டேன். பாட்டனார் பிழையாக எழுதினார் என்று சொல்வதற்கில்லை. தம் கைக்குள்ளடங்கிய சிற்றகராதியில் இருந்ததையே அவர் எழுதினார். சொல்லுக்குப் பொருள் இருந்தது. அப்பொருள் வாழ்வதற்கு ஒரு வாக்கியம் இல்லை.

ஆங்கிலப் புலமைக்குப் பேர்பெற்ற ஒரு நாட்டிலே சொல்லும் வாக்கியமும் எவ்வாறு பிரிந்தன? இக்கேள்வியே எம்மைப் பழைய வரலாற்றுக்கு இட்டுச் செல்கின்றது.

அமெரிக்க மிஷனரிமார் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் நிலைகொண்டனர். தெல்லிப்பழையும் வட்டுக்கோட்டையும் அவர்களுடைய முதல் நிலையங்கள். 1823இல் வட்டுக்கோட்டையிலே தானியேல் பூவர் என்பவரைத் தலைவராகக் கொண்டு ஓர் உயர்தரப் பாடசாலை தொடங்கிற்று. கல்லூரி என்னும் பெயருக்கு அரசாங்கத்தின் இசைவு கிடையாமையால் முதலில் மத்திய பாடசாலை எனப்பட்டுப் பின்னர்ச் செமினறி என வழங்கியது இதுவே. கல்லூரிக்காக அவர்கள் வெளியிட்ட திட்டத்திலே முதலாவது நோக்கம் ஆங்கிலத்தைச் செவ்வையாகக் கற்பித்தல். அதன் அருகிலேயே வைத்த மற்றொரு நோக்கம் தமிழிலக்கியத்தை வளர்த்தல். மதத்தைப் பரப்பும் எண்ணமே இவ்விரண்டுக்கும் அடியிற் கிடந்ததென்பது யாவரும் அறிந்ததே. ஆயினும் அந்நோக்கம் எதுவாயினுமாக, இரு மொழியையும் ஒருங்கே வைத்துப் பயிற்றிய முறையினால் விளைந்தவை வேறு பல.

கேத்திரகணிதம், வானசாத்திரம், தருக்கம் முதலியவற்றை மாணாக்கர் ஆங்கிலத்திற் படித்தனர். ஆயின் தமிழ் இலக்கண இலக்கியங்களும் உடன் இருந்தன. இரு மொழியிலும் கட்டுரை வரைதலும் ஒன்றிலிருந்து மற்றதற்கு மொழிபெயர்த்தலும் பாடத்தின் பகுதிகளாயிருந்தன. இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று. 1820ஆம் ஆண்டுகளிலே அம்மாணாக்கரின் கையில் இன்றுள்ளது போன்ற ஆங்கில–தமிழ் அகராதி எதுவும் இருக்கவில்லை. ஓர் அருஞ்சொல் எதிர்ப்பட்டால் அது நின்ற வாக்கியத்தைப் பலமுறை படித்து, ஆசிரியரை வினாவி, இச்சொல்லுக்குத் தமிழில் எதைச் சொல்வது என்று தாமே ஆராயவேண்டியிருந்தது. அகராதியில்லாமை அவர்களுக்குக் குறைதான். ஆனால் அக்குறையே அவர்களை வாக்கியத்தின் வழியாகச் சொல்லை அடையச் செய்தது. 1850இல் வெளிவந்த நூலொன்றில், இலங்கையிற் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த எமெர்சன் ரெனன்ற், வட்டுக்கோட்டைச் செமினறி ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பிடத்தக்கது என்னுங் கருத்துப்பட எழுதியுள்ளார். விருந்தினர் உரைக்கும் புகழ்ச்சியிற் சிறிது தள்ளிவிட்டுப் பார்த்தாலும் எஞ்சுவது சிறிதன்று.

அகராதிகளும் இச்சூழலிலேதான் தோன்றின. நல்லூரிலிருந்த சேர்ச் மிஷனைச் சேர்ந்த யோசேப் நைற் என்பவர் தமிழ்–தமிழ், தமிழ்–ஆங்கிலம், ஆங்கிலம்–தமிழ் என விரிந்த ஓர் அகராதித் தொகுதிக்குச் சொற்களைச் சேர்க்கத் தொடங்கினார். பணி முற்றுப்பெறுமுன் அவர் காலமானார். ஸ்போல்டிங் பாதிரியாரும் உடுவிற் சந்திரசேகர பண்டிதர் முதலிய தமிழறிஞரும் உழைத்ததன் பயனாக 1842இல் தமிழ்–தமிழ் அகராதி வெளிவந்தது. யாழ்ப்பாண அகராதி என்றும் மானிப்பாய் அகராதி என்றும் வழங்குவது இதுவே. ஏறத்தாழ 58,500 சொற்களைக் கொண்டது. தமிழ்–ஆங்கிலப் பகுதி மிரன் வின்ஸ்லோ என்பவரின் பல்லாண்டு உழைப்பினால் விரிவடைந்து, 1862இற் சென்னையிலே 67,000க்கு மேற்பட்ட சொற்களோடு அச்சேறியது. பிற்காலத்திற் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ் லெக்சிக்கனுக்கு வின்ஸ்லோவின் அகராதி முன்னோடியாய் அமைந்தது. அட்டையிலே பாதிரியாரின் பெயர் உண்டு. உள்ளே சொற்களுக்குப் பொருள் தேடிக்கொடுத்த கிராமத்துப் பண்டிதர் பலரின் பெயர் இல்லை. இதனை நினையும்போதெல்லாம் எனக்குச் சிறிது மனத்தாங்கல் உண்டாவது இயல்பு.

1841ஆம் ஆண்டு தை மாதத்தில் ‘உதயதாரகை’ என்னும் பத்திரிகை தோன்றிற்று. செமினறியிற் படித்து வெளியேறிய ஹென்றி மாட்டின், சேத் பேசன் என்னுந் தமிழர் இருவரே அதன் முதற் பத்திராசிரியர்கள். ஆங்கிலமுந் தமிழும் ஒரே பத்திரிகையிலே அச்சாகின. கற்ற சொல்லை விரைவிலேயே ஒரு வாசகன் முன்னிலையில் வைத்துப் பார்க்கும் வசதி இதனால் உண்டாயிற்று. பிழையாக எழுதினால் எவரேனும் மறுத்தெழுதுவர். சோதனையில் ஒரு புள்ளி குறைவதிலும் பார்க்க ஊரார் முன் நாணுவது மாணாக்கனை நன்றாகத் திருத்தும் என்பது ஆசிரியத் தொழிலிலுள்ளார் யாவருக்குந் தெரியும்.

ஆறுமுக நாவலர் செமினறியில் படித்தவரல்லர். யாழ்ப்பாண நகரத்தில் வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் பேர்சிவல் பாதிரியாரிடம் ஆங்கிலங் கற்று, அங்கேயே கீழ்வகுப்புக்களுக்கு ஆங்கிலமும் மேல்வகுப்புக்களுக்குத் தமிழுங் கற்பித்தார். பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கு உதவினார். ஆங்கிலத்திற் பயின்ற இப்பெருமகனார் தமது தமிழுரைநடையில் ஆங்கிலச் சொற்களை வாரிக் கொட்டினாரா என்று பார்த்தால், இல்லை. ஆங்கிலத்திலிருந்து அவர் எடுத்துக்கொண்டது நிறுத்தக் குறிகளை. பழைய ஏடுகளிலே முற்றுப்புள்ளியுமின்றிக் காற்புள்ளியுமின்றித் தொடர்ந்தோடிய தமிழ் வசனம் அவருடைய பதிப்புக்களிலே எங்கே நிற்பது, எங்கே மூச்சு விடுவது என்று கற்றுக்கொண்டது. எமது ஆராய்ச்சிக்கு இது பெரிதும் வேண்டப்படுவது. பிறமொழியைக் கற்ற ஒருவர் அம்மொழியின் சொல்லை விடுத்து வாக்கியத்தின் எல்லையை எடுத்து வந்தார். அவர் 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். 1872இல் ஆங்கிலப் பாடசாலை ஒன்றையும் அவ்வூரிலே தொடங்கினார். பொருளின்மையால் அது சில ஆண்டுகளுக்குமேல் நிலைக்கவில்லை.

அருஞ்சொற்களோடு போராடியவர்களில் மிகக் கடினமான போரைப் புரிந்தவர் மானிப்பாயில் வைத்தியராயிருந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆவர். 1847இல் இங்கு வந்த இவ்வமெரிக்கர், முதலில் ஆங்கிலத்திலேயே மாணாக்கருக்கு வைத்தியங் கற்பித்தார். பயின்றவர்கள் அரசாங்க உத்தியோகத்தை நாடிச் சென்றனர். கிராமத்து நோயாளி பழையபடியே இருந்தான். ஆகவே 1864ஆம் ஆண்டு தொடக்கம் தமிழிலே கற்பிக்கத் தொடங்கினார். அப்போது எழுந்தது சொற்பிரச்சினை. உடலுறுப்புக்கள், நரம்புகள், மருந்துகள் ஆகியவற்றுக்கு இலத்தீன் கலந்த ஆயிரக்கணக்கான ஆங்கிலச் சொற்கள். தமிழில் ஆயத்தமாக இருந்தவை சில. கிறீனும் அவருடைய மாணாக்கராயும் உதவியாளராயுமிருந்த நம்மவரும் சேர்ந்து நூல் நூலாக மொழிபெயர்த்தனர். இரணவைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம் 1872இலும், கெமிஸ்தம் 1875இலும் வெளிவந்தன. இப்பெயர்களையே சிறிது நோக்குக. ‘கெமிஸ்தம்’ என்பது ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் விகுதி மாட்டியது. பழக்கமற்ற காதுக்குச் சற்றுக் கரடுமுரடானது. ‘இரணவைத்தியம்’ ஊரில் எவருக்கும் விளங்குவது. ‘அங்காதிபாதம்’ என்பதோ கேசாதிபாதம், பாதாதிகேசம் என்று நமது புலவர் முடிமுதல் அடிவரை பாடிய மரபை நினைவூட்டுவது. சத்திரசிகிச்சை மேசைமேற் கிடக்கும் உடலுக்கும் பிரபந்தத்திலே பாடப்பட்ட தலைவியின் உடலுக்கும் ஒரு சொல்லாற் பாலம் போட்டவரை என்னென்பது!

இம்மூன்று சொற்களும் அகராதியின் பொருட்டு ஆக்கப்பட்டவையல்ல. நோயாளியின் முன் நிற்கும் வைத்தியன் ஒரு வாக்கியம் படித்து விளங்கவேண்டும் என்பதற்காக ஆக்கப்பட்டவை. வாக்கியத்திற் பொருந்தாத சொல் அங்கே உயிருக்கே ஆபத்து.

இத்தனை பயன் விளைத்த செமினறி 1855இலே மூடப்பட்டது. ஆங்கிலங் கற்றவர் மிஷன் ஊழியத்தை விட்டு உத்தியோகத்துக்குப் போய்விடுகின்றனர் என்பது அமெரிக்காவிலிருந்து வந்த தூதுக்குழுவினரின் முறைப்பாடு. அவர்கள் கூறியது உண்மையே. ஆங்கிலப் படிப்பை ஊர் விரும்பியது. மிஷன் தலைமைப்பீடமோ தாய்மொழிப் பாடசாலையை விரும்பியது. இறுதியில் வென்றது ஊர். பழைய மாணாக்கரும் ஊர்ப்பெரியாரும் இடைவிடாது கேட்டதனால் 1872இல் அதே வட்டுக்கோட்டையிலே யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. சைவபரிபாலன சபையார் 1890ஆம் ஆண்டிற் பொறுப்பேற்ற பாடசாலையே யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. அதற்கு முன்னாண்டிலே இந்து சாதனமும் ஆங்கிலமுந் தமிழுமாக வெளிவரத் தொடங்கியிருந்தது. செமினறியின் மாணாக்கராகிய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானதையும், அப்பட்டத்தோடு அமையாது 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இற் கலித்தொகையையும் அச்சேற்றியதையும் நாம் அறிவோம்.

இதுவரை சொல்லும் வாக்கியமுங் கூடியே வந்தன. பிரிவு தொடங்கியது சோதனையோடு என்பது எனது துணிபு. 1880ஆம் ஆண்டிற் கேம்பிறிட்ஜ் உள்ளூர்ச் சோதனைகள் இலங்கையில் நடைபெறத் தொடங்கின. இலண்டன் மற்றிக்குலேஷன் சோதனையும் பின்தொடர்ந்தது. விடைத்தாளைத் திருத்துபவர் கடலுக்கப்பால் இருந்தார். அவர் எழுதுபவனை அறியார். எழுதுபவன் அவரை அறியான். உதயதாரகையின் வாசகனிருந்த இடத்தில் இப்போது ஒரு சுட்டிலக்கமே இருந்தது. நெஸ்பீல்டின் இலக்கண நூலைக் கையில் வைத்துக்கொண்டு வாக்கியங்களைக் கூறுகூறாகப் பிரிக்கக் கற்றனர். வாக்கியத்தை ஆக்குவதிலும் பார்க்க அறுப்பதிலே நம்மவர் வல்லுநராயினர். ஒரு பொருட்குப் பல சொல், எதிர்ச்சொல், ஓசை ஒத்துப் பொருள் வேறுபடுஞ் சொல் என்று பட்டியல் பட்டியலாக மனனஞ் செய்தனர். எனது பாட்டனாரின் கொப்பி இக்காலத்தின் பிள்ளை.

இதனைப் பழித்துவிட்டு அப்பாற் செல்வது எளிது. ஆயின் அது நன்றியில்லாத் தன்மையாகும். ‘கோழி மேய்த்தாலுங் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும்’ என்று நம்மூரார் கூறியது நகைச்சுவைக்காக மாத்திரமன்று. செம்பாட்டு மண்ணும் கிணற்றுநீரும் துலாவும் எத்தனை பிள்ளைகளைத் தாங்கும்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி மலாயாவிலும் சிங்கப்பூரிலும் புகையிரதப் பகுதி, நில அளவைப் பகுதி, திறைசேரி எங்கும் நம்மவர் எழுதுவினைஞராயமர்ந்தனர். அவர்கள் அனுப்பிய காசுக்கட்டளையினாலே இங்கே கல்வீடுகள் எழுந்தன. தங்கைமாருக்குச் சீதனம் சேர்ந்தது. கோயிற் கோபுரங்களும் பாடசாலைக் கட்டடங்களும் உயர்ந்தன. அந்த இரு நிரற் கொப்பி ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்டது. எனது தந்தையாரைப் படிப்பித்ததும் அதுவே. அதை நினையாது யான் அதன்மீது குற்றம் சுமத்துதல் முறையன்று.

அக்காலத்து ஆசிரியருட் சிறந்தவர் பட்டியலோடு நின்றாருமல்லர். இலத்தீன் தெரிந்த ஆசிரியர் ‘மக்னானிமஸ்’ என்னுஞ் சொல்லைக் கரும்பலகையிலே இரண்டாக வெட்டிக் காட்டுவார் என்று பாட்டனார் சொல்வதுண்டு. முற்பாதி பெரியது, பிற்பாதி உள்ளம், ஆகவே பேருள்ளம். ‘புறோகிறாஸ்ரினேற்’ என்னும் நீண்ட சொல்லின் வயிற்றினுள்ளே நாளை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல் ஒன்று கிடக்கிறது. நாளை, நாளை என்று கடத்துபவனுக்கு இதனிலும் பொருத்தமான சொல் வேண்டுமோ? இவ்வாறு கற்ற சொல் மறவாது. எனினும் இதுவும் சொல்லின் பிறப்பைக் காட்டுமேயன்றி அதன் நடத்தையைக் காட்டாது.

நடத்தை என்று யான் கூறுவது யாது? நமது வகுப்பறைகளில் நாடோறுங் காணும் ஒரு பிழையை எடுத்துக்கொள்வோம். விவாதித்தல் என்னும் பொருளில் வரும் ‘டிஸ்கஸ்’ என்ற வினை ஆங்கிலத்திலே செயப்படுபொருளை நேரே கொள்ளும். இடையே வேறொரு சொல்லை வேண்டாது. தமிழிலோ ஒன்றைப் பற்றி விவாதிக்கிறோம். ஆகவே நமது மாணாக்கன் ‘டிஸ்கஸ் எபவுற்’ என்று எழுதுகிறான். அவன் ஆங்கிலத்தில் எழுதுகின்றானேயன்றி அவனுடைய வேற்றுமையுருபு தமிழிலேயே இருக்கின்றது. இதற்கு மறுதலையாக, ‘டிபென்ட்’ என்னும் வினைக்குப் பின்னே ‘ஒன்’ வேண்டும். தமிழில் ஒருவரை நம்பியிருக்கிறோம், இரண்டாம் வேற்றுமை போதும். ஆகவே மாணாக்கன் ‘ஒன்’ என்பதனை விட்டுவிடுகிறான். தமிழில் உருபு பெயரோடு ஒட்டி நிற்கும். பயனிலை ஈற்றிலே வரும். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்துப் பயனிலை வந்துவிடும். உருபின் தொழிலைச் செய்யுஞ் சிறுசொல் பெயருக்கு முன்னே வந்து நிற்கும். இரு நிரற் கொப்பி ‘டிஸ்கஸ் – விவாதி’, ‘டிபென்ட் – நம்பியிரு’ என்று கூறிவிட்டு ஓய்ந்துவிடும். அந்தச் சிறுசொல்லுக்கு அங்கே இடமில்லை. பொருள் தெரிந்தும் எழுத முடியாமை இதனால் வருவது, மந்தபுத்தியினால் வருவதன்று. செமினறி மாணாக்கனுக்கு இவ்விடர் ஏன் குறைவாயிருந்தது எனின், அவன் மொழிபெயர்க்கும்போது முழு வாக்கியத்தையும் கவிழ்த்துப் போட்டுத் திரும்பக் கட்டவேண்டியிருந்தது. அந்த வேலையிலே சிறுசொற்கள் தாமே கண்ணில் இடறும்.

1945ஆம் ஆண்டின் இலவசக் கல்வித் திட்டத்தின் பின் ஆரம்ப வகுப்புக்களிற் தாய்மொழி போதனாமொழியாயிற்று. அடுத்த இருபது ஆண்டுகளில் மேல்வகுப்புக்களும் படிப்படியாக மாறின. அம்மாற்றத்தை யான் வரவேற்பவன். விஞ்ஞானத்தைத் தன் மொழியிலே கற்பது பிள்ளையின் உரிமை. மானிப்பாயிலே கிறீன் அதனை நூறாண்டுகளின் முன்பே கண்டுகொண்டார். ஆனால் ஆங்கிலம் பல பாடங்களுள் ஒன்றாகச் சுருங்கியபோது கொப்பி மட்டும் சுருங்கவில்லை. பாடங் கற்பிக்கும் மொழியாக ஆங்கிலம் இருந்தபோது, வரலாறும் பூமிசாத்திரமும் படிக்கையிலே மாணாக்கன் வேண்டியும் வேண்டாமலும் ஆயிரம் வாக்கியங்களை எதிர்கொண்டான். இன்று அவனுக்கு எஞ்சியிருப்பவை பட்டியலும் கடந்தகால வினாத்தாளுமே. தனியார் வகுப்புக்களிலே அச்சிட்டுக் கொடுக்கப்படுஞ் சொற்பட்டியல்களை யான் பார்த்திருக்கிறேன். பாட்டனாரின் கையெழுத்து அழகு அவற்றில் இல்லை, வேறெந்த வேற்றுமையுமில்லை.

கடந்த சில ஆண்டுகளாக எனது வகுப்பிலே மாணாக்கரின் கொப்பியில் மூன்றாவது நிரல் ஒன்று இழுக்கச் செய்து வருகின்றேன். அந்நிரலில் அவர்களே ஒரு வாக்கியம் எழுதவேண்டும். அவ்வாக்கியம் தம் வீட்டைப் பற்றியோ ஊரைப் பற்றியோ இருக்கவேண்டும். புத்தகத்திற் பார்த்து எழுதலாகாது. அதன் கீழே அதே வாக்கியத்தைத் தமிழில் எழுதவேண்டும். வாரத்துக்கு ஐந்து சொற்களுக்கு மேல் கொடுப்பதில்லை. பெற்றோரிற் சிலருக்கு இது மனநிறைவாயில்லை. பக்கத்து வகுப்பிலே ஐம்பது கொடுக்கிறார்களாம். பாடவிதானம் முடியவில்லை என்று அதிபரும் ஒருமுறை அழைத்து விசாரித்தார்.

இவ்வாண்டு ஐந்து சொற்களுள் ஒன்றாக ‘நொற்றோறியஸ்’ என்பதனைக் கொடுத்தேன். பொருளை யான் சொல்லவில்லை. அச்சொல் வரும் மூன்று வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டு இருந்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணாக்கனொருவன், தங்கள் ஒழுங்கையிலுள்ள கறுப்பு நாய் பாற்காரரிடையே ‘நொற்றோறியஸ்’ ஆனது என்று எழுதிக்கொண்டு வந்தான். இடையே என்பதற்குரிய சிறுசொல் அவனுடைய ஆங்கில வாக்கியத்திலே உரிய இடத்தில் இருந்தது.